மென்பொருட் பொதியும் தெரிவுரிமையும்

விழா மலர் என்றால் அதில் எவ்வகைக் கட்டுரைகள் இடம்பெறும் என்பது வாசகர் அறிந்ததே. ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் நினைவுகள், விளையாட்டுப் போட்டிகளின் வெற்றிகள், வாணி விழா, விடுதி வாழ்க்கை ஆகியன எழுதப்படும். அவை யாவும் எழுதப்பட வேண்டியனவே. எனினும், இம்மலரின் சில பக்கங்களைக் கணினிக் கூடத்துக்கு ஒதுக்கித் தருமாறு மலர்க் குழுவினரை நாம் வேண்டிக்கொண்டோம். எடுத்துக்கொண்ட பொருள் சிறிது. கணினியில் நிறுவும் மென்பொருளை எவ்வாறு பொதியாகக் கட்டுவது என்பதே அது. மூட்டை கட்டுவதிலே ஆராய என்ன இருக்கிறது என்று கேட்பார் இருக்கலாம். மூட்டையை அவிழ்ப்பவனின் பக்கத்தில் நின்று பார்த்தால் ஆராய வேண்டியது நிறைய உண்டு என்பதை நாம் பட்டறிந்தோம்.

அந்தப் பட்டறிவையே முதலிற் கூறுவோம். பழைய மாணவர் சிலர் ஒன்றுகூடி, கொழும்பிலே ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கணினிகள் சிலவற்றைப் பெற்று, கல்லூரி மாணவரின் பயன்பாட்டுக்கென ஒழுங்கு செய்ய முற்பட்டோம். அவை வயது சென்ற இயந்திரங்கள். நினைவகமும் சிறிது, வன்தட்டில் இடமும் சிறிது. விலைகொடுத்து வாங்கும் இயங்குதளங்களின் புதிய பதிப்புகளைத் தாங்கும் வலு அவற்றுக்கு இல்லை. ஆகவே இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் வகையொன்றை நிறுவத் துணிந்தோம். இணையமோ கைத்தொலைபேசித் தரவு அட்டை வழியாக வருவது. ஒவ்வொரு மெகாபைட்டும் எவரோ ஒருவரின் சட்டைப்பையிலிருந்து போகும் காசு.

முதலில், 'எல்லாம் அடங்கியது' என்று பெயர் பெற்ற தொகுப்பை இறக்கத் தொடங்கினோம். இசை கோக்கும் கருவி, திரைப்படம் வெட்டும் கருவி, நாம் கண்டிராத அச்சுப்பொறிகளுக்கான செயலிகள் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பாதி வழியில் தரவு தீர்ந்தது. மறு கிழமை, 'இலேசானது' என்ற தொகுப்பைத் தெரிந்தோம். அது விரைவாக வந்தது, விரைவாக நிறுவப்பட்டது, விரைவாகவே ஓடியது. ஆனால் தமிழ் எழுத்துகள் தோன்ற வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் வரிசையாக நின்றன. உடப்பிலிருந்து வந்து படிக்கும் மாணவியொருத்தி திரையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "சேர், இதிலே தமிழ் இல்லையா?" என்று கேட்டாள்.

பெரிய மூட்டையிலே வேண்டாதன எல்லாம் இருந்தன. சிறிய மூட்டையிலே வேண்டியது இல்லை. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய விடையைத் தேடியபோதே இக்கட்டுரையின் பொருள் எமக்கு விளங்கிற்று.

கணினித் துறையைச் சாராத அன்பர்களுக்காகச் சிறிது விளக்குதல் தகும். மென்பொருளை அதன் ஆசிரியர் மனிதர் வாசிக்கத்தக்க மூலநிரலாக எழுதுகிறார். இயந்திரம் ஏற்கும் வடிவிற்கு அதனை மாற்றும் வேலை பின்னர் நடைபெறுகிறது. இதனைத் தொகுத்தல் என்பர். தொகுக்கும் வேளையிலே பல தெரிவுகள் முன்வைக்கப்படுகின்றன. வரைகலைத் திரை வேண்டுமா, எழுத்துத் திரை மட்டும் போதுமா? தரவுத்தளத்தோடு பேசும் ஆற்றல் வேண்டுமா? இவற்றுக்கு அப்பொழுது அளிக்கும் விடை, வீடு கட்டும்போது வாயில் வைப்பதற்கு ஒப்பானது. சுவர் எழுந்த பின், குடியிருப்பவன் வேறு பக்கம் வாயில் வேண்டுமென்றால் சுவரை இடித்தே ஆக வேண்டும். இவ்வாறு தொகுத்து முடித்த மென்பொருளை, அது இயங்குவதற்கு வேறெவை தேவை என்ற பட்டியலோடு சேர்த்துக் கட்டிவைப்பதே பொதி. பொதிகளை வருவித்து, நிறுவி, புதுப்பித்து, வேண்டாதபோது அகற்றும் செயலியைப் பொதி முகாமைச் செயலி என்கிறோம்.

தெரிவுகளைப் பயனாளியிடம் சேர்ப்பதற்கு மூன்று வழிகள் உள. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பொதியாகக் கட்டுவது முதலாவது. கட்டுபவருக்கு இது இலகு, சுமப்பவருக்குத்தான் பாரம். பாரம் மட்டுமன்று, ஆபத்தும் உண்டு. பயன்படுத்தாத ஒரு பகுதியில் பாதுகாப்புக் குறை காணப்பட்டாலும் அதனை நிறுவியிருப்பவர் அனைவரும் அக்குறைக்கு ஆளாவர்.

மூலநிரலையே பயனாளியிடம் கொடுத்து, அவரவர் விரும்பியவாறு தொகுத்துக்கொள்ளச் செய்வது இரண்டாவது. ஜென்டூ என்னும் லினக்ஸ் வகை இவ்வழியிற் பேர்பெற்றது. அங்கே 'யூஸ்' குறிகள் எனப்படுவனவற்றால் இன்னது வேண்டும், இன்னது வேண்டாம் என்று பயனாளி எழுதிவைப்பார். அதன்படி அவருடைய கணினியே மென்பொருளைத் தொகுத்துக்கொள்ளும். சுதந்திரம் முழுமையானதே. ஆயினும் பெரிய உலாவியொன்றை எமது கூடத்துப் பழைய கணினியில் தொகுக்கத் தொடங்கினால், காலை மணி அடிக்கும்போது தொடங்கிய வேலை மாலை மணி அடித்தும் முடியாது. வலிய இயந்திரமும் ஓய்வு நேரமும் உடையார்க்கே அந்தச் சுதந்திரம் பயன்படும்.

மூன்றாவது வழியே எமது உள்ளத்துக்கு உகந்தது. வெவ்வேறு தெரிவுகளோடு மென்பொருளை முன்கூட்டியே தொகுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பொதியாக வைப்பது அது. 1993இல் தொடங்கப்பட்ட டெபியன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விம் என்னும் உரைதிருத்தியை அங்கே விம்-டைனி என்ற சிறிய பொதியாகவும் பெறலாம். வரைகலைத் திரையோடு கூடிய விம்-ஜிடிகே3 என்ற பெரிய பொதியாகவும் பெறலாம். எக்சிம் என்னும் அஞ்சற் செயலிக்கு 'இலேசு', 'கனம்' என்று பொருள்படும் இரண்டு பொதிகள் உள. ஃப்ரீ பி.எஸ்.டி.யிலே நெடுங்காலமாக, வழமைக்கு மாறான தெரிவு வேண்டுவோர் தாமே தொகுத்துக்கொள்ள வேண்டியவராயிருந்தனர். ஒரே மூலத்திலிருந்து பல பொதிகளைப் பிறப்பிக்கும் முறை 2017இன் இறுதியில் அங்கே புகுத்தப்பட்டது. அம்முறைக்கு அவர்கள் இட்ட பெயர் 'பிளேவர்', அதாவது சுவை. இவற்றால் எளிய கணினியை வைத்திருப்பவரும் தொகுக்கும் தொல்லையின்றித் தமக்கு வேண்டியதைப் பெறுகின்றனர். ஒருமுறை இறக்கிய பொதிகளைக் கூடத்துக் கணினியொன்றிலே சேர்த்துவைத்து, ஏனையவற்றுக்கு அங்கிருந்தே வழங்கவும் கூடும். எம்போன்றோர்க்கு இது பேருதவி.

இதற்கு மறுப்பு இல்லாமல் இல்லை. அந்த மறுப்பு வலுவானதுமாகும். ஆம், இல்லை என்று விடை கூறத்தக்க தெரிவுகள் ஒரு மென்பொருளில் பத்து இருப்பின், அவற்றால் அமையக்கூடிய வடிவங்கள் 1024. ஒவ்வொன்றையும் தொகுத்து, சோதித்து, களஞ்சியத்தில் வைத்து, குறை கண்டபோதெல்லாம் திருத்துவதென்பது எவராலும் இயலாத காரியம். பொதி கட்டுவோரிற் பலர் ஊதியம் பெறாத தொண்டர் என்பதை நாம் மறத்தல் ஆகாது. மாக் கணினிப் பயனாளரிடையே வழங்கும் ஹோம்புரூ என்னும் பொதி முகாமைச் செயலி, 2019 பெப்ரவரியில் வெளிவந்த தன் 2.0 பதிப்போடு, தன் மையக் களஞ்சியத்திலிருந்து இத்தகைய தெரிவுகளை அறவே நீக்கிவிட்டது. ஒவ்வொரு தெரிவுச் சேர்க்கையையும் சோதித்துப் பார்க்க இயலாதபோது, அவற்றைத் தருவதாகச் சொல்வது நேர்மையன்று என்பது அந்நிலைப்பாட்டின் சாரம். அவர்களைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. சோதியாத பொருளைக் கொடுத்துவிட்டுக் கைவிரிப்பதிலும், கொடுக்க இயலாதென்று முன்னரே சொல்வது மேல்.

அப்படியாயின் எதைப் பிரிப்பது, எதைச் சேர்ப்பது? இக்கேள்விக்குரிய விடையை எமது கரையோரமே வைத்திருக்கிறது. புத்தளத்து உப்பளங்களைக் காணாதவர் எமது மாணவருள் இரார். பாலாவி வழியாகப் பிரயாணம் செய்யும் எவர் கண்ணிலும் அந்த வெண்குவியல்கள் படும். கடல்நீரைப் பாத்தியிற் பாய்ச்சி, வெயிலில் வற்றவைத்து, விளைந்த உப்பை வாரிக் குவிக்கிறார்கள். கருவாடு போடுபவரும், தோல் பதனிடுபவரும், சமையல் செய்பவரும் வேண்டுவது அந்த ஒரே உப்பைத்தான். மனிதர் உண்ணும் உப்பிலே அயடீன் சேர்க்கப்பட வேண்டும் என்று 1995இல் இலங்கையில் விதி செய்யப்பட்டது. அதற்காக எவரும் அயடீனுக்கென வேறு பாத்தி கட்டவில்லை. உப்பு விளைந்த பின், பொதி செய்யும் இடத்திலே அது சேர்க்கப்படுகிறது.

மென்பொருளுக்கும் இதுவே நெறி என்பது எமது துணிபு. பின்னர் சேர்க்கத்தக்கதைப் பாத்தியிலேயே கலத்தல் கூடாது. அடிப்படைச் செயலி ஒன்றாக இருக்கட்டும். இயங்கும்போது ஏற்றிக்கொள்ளத்தக்க கூறுகள் தனிப் பொதிகளாக அதனோடு வந்து பொருந்தட்டும். அவ்வாறு அமைத்தால் பத்துத் தெரிவுகளுக்கு 1024 வடிவங்கள் வேண்டியதில்லை. அடிப்படை ஒன்றும் சேர்க்கைகள் பத்துமாகப் பதினொரு பொதிகள் போதும். சேர்க்கைகள் ஒன்றோடொன்று முரண்படாமல் அருகருகே இருக்கவும் கூடும். இதற்கு மூலநிரலை எழுதுவோரின் ஒத்துழைப்பு வேண்டும் என்பது உண்மையே. பாத்தியில் மட்டுமே கலக்கத்தக்க தெரிவுகளும் சில உள. வரைகலைத் திரை அத்தகையது. அவற்றுக்கு மட்டும் சிறியது, பெரியது என இரண்டு மூன்று வடிவங்களைத் தொகுத்து வைத்தல் அமையும். ஆனால் ஒன்றுக்கும் மற்றதற்கும் வேறுபாடு யாது என்பதைப் பொதியின் விவரக் குறிப்பிலே எவர்க்கும் விளங்கும் மொழியில் எழுதிவைக்க வேண்டும். 'இலேசானது' என்ற பெயரை மட்டும் கண்டு நாம் ஏமாந்ததுபோல் இன்னொரு பாடசாலை ஏமாறுதல் வேண்டாம்.

இனி, அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். தமிழ் அங்கே இல்லாமல் இல்லை. தனிப் பொதியாக வேறிடத்தில் இருந்தது. எழுத்துரு ஒரு பொதி, அலுவலகச் செயலியின் தமிழ் இடைமுகம் ஒரு பொதி, சொற்பிழை திருத்தி ஒரு பொதி என்று தனித்தனியே இருந்தன. நாம் பெயரறிந்து கேட்கவில்லை. ஆகவே அவை வரவில்லை. பிரித்துக் கட்டுவதன் நன்மையை இதுவரை புகழ்ந்த நாமே, அதன் தீமையையும் ஒளியாது கூற வேண்டியவராகிறோம். பிரித்து வைத்த பொருள் விட்டுப்போகக்கூடிய பொருளுமாகும்.

இன்னோர் அனுபவத்தையும் சொல்லவேண்டும். கல்லூரியின் பழைய சஞ்சிகைகளின் தாள்கள் உப்புக்காற்றில் பழுத்து, தொட்டால் ஒடியும் நிலையில் இருக்கின்றன. 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஏடுகளையும் இணையத்தில் சேர்த்து வைத்துவரும் நூலகம் எண்ணிம நூலகத்தைப் பின்பற்றி, நாமும் எமது சஞ்சிகைகளை மின்வருடிப் பாதுகாக்க எண்ணினோம். படமாக்கிய பக்கத்திலுள்ள எழுத்துகளை இனங்கண்டு உரையாக்குவதற்கு டெசராக்ட் என்னும் இலவச மென்பொருள் உண்டு. ஹியூலெட்-பக்கார்ட் நிறுவனத்திலே உருவாகி, 2005இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது அது. அதனை டெபியன் களஞ்சியத்திலிருந்து நிறுவி, முதற்பக்கத்தைக் கொடுத்தோம். வெளிவந்ததோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியல். காரணம் பின்னர் தெரிந்தது. அந்தப் பொதியை நிறுவும்போது ஆங்கிலத்துக்குரிய தரவுப் பொதி கட்டாயத் தேவையாகக் கூடவே வருகிறது. தமிழுக்குரியது டெசராக்ட்-ஓசிஆர்-டாம் என்ற தனிப் பொதி, கேட்டால்தான் வரும். அதனை நிறுவிய பின் செயலி தமிழை வாசித்தது. சிற்சில பிழைகள் இருந்தன. ஆயினும் அதிபர் அறிக்கையின் முதல் வரி திரையிலே உரையாக எழுந்தபோது கூடத்திலிருந்தோர் கைதட்டினர்.

பொதி கட்டியவர் மீது இங்கே குற்றமில்லை. செயலி இயங்க ஏதேனும் ஒரு மொழித் தரவு வேண்டும். நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளின் தரவை எல்லார் மீதும் ஏற்றுதல் முறையன்று. சுவாகிலிப் பொதியை நாம் சுமக்க விரும்பாததுபோலவே, தமிழ்ப் பொதியைச் சுமக்க நைரோபியிலுள்ளவர் விரும்பார். பிரித்தது சரியே. பிரித்ததை யாருக்கு எப்பொழுது தானாகச் சேர்ப்பது என்ற இரண்டாவது கேள்வியையும் கேட்கவேண்டும் என்பதே எமது வாதம்.

எமது நாட்டு மக்களுக்கு இக்கேள்வி புதிதன்று. 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிற்று. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம், தமிழும் ஆட்சிமொழியாதல் வேண்டும் என்றது. அந்த 'உம்' பெரிது. அது இல்லாத காலத்தை அறிந்தோர் அதன் அருமையை அறிவர். எனினும் அலுவலகத்தின் முன் நின்று "தமிழ்ப் படிவம் இருக்கிறதா?" என்று கேட்டுப் பெற நேர்ந்தோர் எம்மிடையே இன்றும் உளர். அலுமாரியிலே படிவம் இருக்கிறது; கேட்டால் எடுத்துத் தருவார்கள்; கேட்கக் கூசுபவன் மற்ற மொழிப் படிவத்தை எவர் கையிலேனும் கொடுத்து நிரப்புவித்துப் போகிறான். உரிமை பொதியாகக் கட்டப்பட்டிருக்கிறது, ஆனால் நிறுவப்படவில்லை. கணினித் திரையிலும் எமது பிள்ளைகள் அந்நிலையையே சந்திக்க வேண்டுமா?

வேண்டியதில்லை என்பதற்குச் சான்று உண்டு. 2016இல் வெளிவந்த ஃபெடோரா 24ஆம் பதிப்பிலே மொழிப் பொதிகளுக்கு ஒரு நல்ல ஏற்பாடு செய்யப்பட்டது. ஒருவர் தமிழுக்குரிய மொழிப் பொதியை ஒருமுறை நிறுவிவிட்டால் போதும். பின்னர் லிப்ரே ஆபீஸ் போன்றதொரு செயலியை அவர் நிறுவும்போது, அதன் தமிழ்க் கூறும் தானாகவே உடன் வரும். தமிழைத் தெரியாதவரிடம் அது போகாது. டெபியனிலும், நிறுவும்போது தமிழைத் தெரிந்தால் தமிழுக்கெனத் தொகுத்த பணிப் பொதி சேர்ந்து வருகிறது. ஒருமுறை சொன்ன விடையை இயந்திரம் நினைவிற் கொள்கிறது. ஒவ்வொரு வாசலிலும் நின்று மறுபடி கேட்கவேண்டியதில்லை. எழுத்தை இனங்காணும் செயலி உட்பட எல்லாச் செயலிகளுக்கும், எல்லாப் பொதி முகாமைச் செயலிகளிலும் இவ்வொழுங்கு பரவ வேண்டும் என்பது எமது வேண்டுகோள்.

உப்புக் கதையின் எஞ்சிய பாதியும் இங்கே பொருந்துகிறது. அயடீன் தனியே சேர்க்கத்தக்கது என்பதனால், வேண்டியவர் கடையிற் கேட்டு வாங்கட்டும் என்று அரசு விட்டுவிடவில்லை. விட்டிருந்தால், அறிந்தவர் வீட்டில் அயடீன் இருந்திருக்கும். அறியாதவர் வீட்டுப் பிள்ளையின் கழுத்தில் கழலை இருந்திருக்கும். தோல் பதனிடுபவருக்கு வேண்டாத ஒன்றை அவர் மீது சுமத்தவுமில்லை. உண்பவர் கைக்கு அது கேளாமலே வந்து சேரவும் வழி செய்யப்பட்டது. பிரித்தே வைக்க வேண்டும். தேவையானவர்க்குக் கேளாமலே சேர வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்தலே நல்ல பொதிகட்டலின் இலக்கணம்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். இத்தகைய பொதிகளைக் கட்டுவோர் எங்கோ தொலைவிலுள்ள அறிஞர் மட்டுமே என்று எண்ணாதீர்கள். டெபியனும் ஃபெடோராவும் எவரும் பங்குகொள்ளத்தக்க அமைப்புகள். பொதியின் விவரக் குறிப்பைத் தமிழாக்கலாம்; தமிழ் எழுத்துரு ஒரு செயலியில் உடைந்து தோன்றினால் அதனை முறைப்படி அறிவிக்கலாம்; அனுபவம் முதிர்ந்தபின் ஒரு பொதியின் பொறுப்பையே ஏற்கலாம். குறையை அறிவிப்பவன் இல்லாவிடின், கட்டுபவனுக்கு எமது திரையிலே தோன்றும் வெறுங்கட்டங்கள் எவ்வாறு தெரியவரும்? கரைவலை இழுக்கும்போது கயிற்றின் இரு பக்கத்திலும் ஆள் நிற்க வேண்டும் என்பதை உடப்புப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

பழைய மாணவ அன்பர்களுக்கும் ஒரு சொல். கல்லூரிக்குக் கணினி அன்பளிப்புச் செய்வோர், பெட்டியோடு கடமை முடிந்ததென்று கருதாமல், அதிலே தமிழ் நிறுவப்பட்டு, தட்டெழுதி, அச்சிட்டுப் பார்த்த பின் கையளிக்குமாறு வேண்டுகிறோம். அரை நாள் வேலை அது. அந்த அரை நாளை ஒருவர் ஒதுக்கினால், கூடத்துக்கு வரும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தனித்தனியே தடுமாற வேண்டியதில்லை.

எமது கூடத்துக் கணினிகள் இப்பொழுது இயங்குகின்றன. வேண்டாத பொதிகள் அகற்றப்பட்டன. வேண்டியவை ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டன. பெயர்ப் பட்டியலை ஒரு தாளில் எழுதிச் சுவரிலே ஒட்டியிருக்கிறோம். அந்தத் தாள் தேவைப்படாத நாள் வரவேண்டும். அந்நாளிலே புதிதாக வரும் பிள்ளை கணினியை இயக்கி, தன் மொழி இதுவென்று ஒருமுறை சொல்வாள். அதன்பின் இதில் தமிழ் இல்லையா என்று எவரையும் கேட்க அவளுக்கு நேராது.